பன்னிரண்டாவது ஆளின் வலது கால்

1980 ஏப்ரல் 3, பெரிய வியாழன். அன்றும் வீட்டில் முதலில் எழுந்தவன் நான்தான். குசினிக் கதவைத் தாழிட்டு, அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, உப்புப் போட்ட பேசினில் இரண்டு கால்களையும் வைத்தேன். பாதத்துத் தோல் அவித்த பலாக்கொட்டை போல வெளுக்கும்வரை ஊற வேண்டும். அதற்குள் தேநீர் குடித்து முடித்துவிடுவேன். பிறகு பழைய சவரக் கத்தியால் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி, ஒரே திசையில், மெல்லிய சீவல்களாகச் சுரண்டுவேன். வெடிப்புகளுக்குப் பக்கத்தில் கத்தி போகக் கூடாது. வெடிப்புக்குள் களிம்பை அடைத்து, தேங்காயெண்ணெய் பூசி, காலுறை மாட்டி, என் அளவைவிட ஒரு நம்பர் பெரிய சப்பாத்துக்குள் கால்களை விட்டுவிட்டால் வேலை முடிந்தது. காலுறையை எங்கள் பக்கம் மேஸ் என்போம். சுரண்டி விழுந்ததைக் காகிதத்தில் கூட்டி அடுப்பில் போட்ட பிறகுதான் கதவைத் திறப்பேன். உள்ளங்கைகளுக்கு இவ்வளவு தேவையில்லை. எண்ணெய் போதும்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் தடித்து மஞ்சளாகி, ஓரத்தில் ஒரு சிவந்த கோட்டோடு அந்தத் தடிப்பு நின்றுவிடும். கோட்டுக்கு அப்பால் எல்லோருக்கும் உள்ள தோல்தான். பனிக்காலத்தில் வெடிப்புகள் ஆழமாகும். அப்போது கால் ஊன்றுவது கண்ணாடித் துண்டின் மேல் ஊன்றுவதுபோல இருக்கும். வேர்வை அதிகம், நாற்றமும் உண்டு. ஆகவே மத்தியானம் ஒருமுறை மேஸை மாற்றிவிடுவேன்.

அப்பாவுக்கும் இதுவே இருந்தது. அவர் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டினார். வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டித் தாழ்த்தும் வேலை அது. அந்த வேலைக்காரர்கள் எல்லோருக்கும் கை காய்த்துப்போயிருக்கும். வெறுங்காலில் மலையேறுகிறவர்களின் பாதமும் அப்படித்தான். அதனால் அப்பாவின் கைகால்களை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. நன்றாக வேலை செய்த கை என்று பாராட்டியவர்களும் உண்டு. கவனிக்கப்பட்டது நான்தான். ஒரு வேலையும் செய்யாத ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கை எப்படி வந்தது என்பதற்கு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எவரிடமும் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு 'லாடம்' என்று பெயர் வைத்தார்கள். மாட்டின் குளம்பில் அடிக்கும் இரும்பு.

"டேய் லாடம், ஒன்ன அட்டை கடிச்சா அட்டைக்குத்தான்டா பல்லு போகும்" என்பார்கள்.

என் உள்ளங்காலில் அட்டை கடித்ததில்லை என்பது உண்மைதான். பெரியவர்கள் சிரிக்கவில்லை. தங்கள் பிள்ளைகளை என்னிடமிருந்து தள்ளி உட்காரவைத்தார்கள். குஷ்டம் என்ற சொல்லை எனக்குக் கேட்கும்படி யாரும் சொல்லவில்லை, கேட்காதபடி சொன்னார்கள்.

1966இல் ஒரு வெடிப்பு சீழ் பிடித்து, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொழும்பிலிருந்து அவ்வப்போது வரும் தோல் டாக்டர் ஒருவர் அன்று இருந்தார். என் இரண்டு கால்களையும் வெறுங்கையால் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அப்பாவைப் பற்றியும் அப்பாவின் உடன்பிறந்தவர்களைப் பற்றியும் கேட்டார். இது குஷ்டம் அல்ல, யாருக்கும் ஒட்டாது என்றார். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. வருவதானால் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும். என் வகையில், வராத பிள்ளை அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்காது. தாதி ஒருவர் இதைத் தமிழில் சொல்ல, நான் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது எட்டு வயது. அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பெரியவளானதும் வருமோ என்று மனைவிக்கு ஒரு பயம் இருந்துகொண்டிருந்தது. வெளியே மகளோடு காத்திருந்தவளிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மருந்து வாங்கும் வரிசையில் நின்றபடியே அவள் மகளின் செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதங்களையும் இன்னொரு முறை பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நான் வேலை செய்தது பதுளைக் கடைவீதியில் ஒரு சப்பாத்துக் கடையில். முதலாளி முஸ்லிம். என்னைவிடச் சில வயது மூத்தவர். வாடிக்கையாளர் கதிரையில் உட்கார, நான் முன்னால் குட்டை ஸ்டூலில் அமர்ந்து, அவர்களுடைய காலைச் சரிவுப் பலகையில் வைத்து அளப்பேன். ஆளைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்து நம்பர் சொல்ல என்னால் முடியும். சில நேரம் கால் வராது, அளவு மட்டும் வரும். கலியாணத்துக்குக் கூறைச் சேலையோடு பெண்ணுக்குச் செருப்பும் மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் காலை ஒரு தென்னோலை ஈர்க்கால் அளந்து, அளவுக்கு ஒடித்து, அதைக் கடைக்குக் கொண்டுவருவாள். அப்படி வந்த ஈர்க்குகளைப் பலகைமேல் வைத்து நான் எத்தனையோ கலியாணங்களுக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை சித்திரைப் புதுவருட வியாபாரம் தொடங்கியிருந்தது. மத்தியானத்துக்குச் சற்று முன் எங்கள் கோயிலில் சாமிக்கு, அதாவது பாதிரியாருக்கு, உதவியாக இருக்கும் உபதேசியார் வந்தார். பெரிய வியாழன் மாலைப் பூசையில் பன்னிரண்டு ஆண்களைப் பீடத்தின் முன் உட்காரவைத்து, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல சாமி ஒவ்வொருவருடைய வலது காலையும் கழுவி முத்தமிடுவார். ஆட்களைப் பிடிப்பது உபதேசியாரின் பொறுப்பு.

"ஒரு ஆள் கொறையுதுங்க," என்றார். "மேல் டிவிசன் கங்காணி காய்ச்சல்ல படுத்துட்டாரு. பதினொரு பேர வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? யூதாஸ் லீவுன்னு சாமிகிட்ட சொல்ல முடியுமா?"

"வேற ஆள் கெடைக்கலீங்களா?"

"கெடைக்கிறவன் எல்லாம் சாராயக் கடை வாசல்ல நிக்கிறான். நீங்கதான் சரி. எந்நேரமும் மேஸுக்குள்ள இருக்கிற காலு. சாமிக்குக் கழுவுற வேலையே இல்ல."

கல்லாவிலிருந்து முதலாளி சிரித்தார். "போங்க. வருசம் முழுக்க ஊரான் காலப் பிடிக்கிறீங்க. ஒரு நாளைக்கு ஒருத்தர் ஒங்க காலப் பிடிக்கட்டும்."

நான் சரி என்றேன். மறுப்பதானால் காரணம் சொல்ல வேண்டும். உபதேசியாரிடம் சொல்லும் காரணம் சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்விடும். அதுவுமில்லாமல், உயிர்த்த ஞாயிறான பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு மகளின் கலியாண ஓலையை, மூன்று வாரம் வாசிக்கும் அந்த அறிவிப்பை, கோயிலில் வாசிக்கப் போகிறவரும் அவர்தான்.

அவர் போன சற்று நேரத்தில், பன்னிரண்டு பேரில் ஒருவரான தபால்காரர் புதுச் செருப்பு வாங்க வந்தார். அவருடைய வலது கால் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்துச் சிவந்திருந்தது. இடது காலில் செம்மண் அப்படியே இருந்தது.

"ஒரு காலத்தான் தேச்சிருக்கீங்க போல," என்றேன்.

"மத்தத சாமி கேக்க மாட்டாரே. அது பாவத்தோடயே இருக்கட்டும்."

மகளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளைக்குப் பண்டாரவளையில் ரயில்வே வேலை. தகப்பன் எல்லப் பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து இறந்தவர். தாய்தான் எல்லாவற்றையும் முடிவு செய்வார். பெண் பார்க்க வந்த அன்று என் கைகளைப் பார்த்து, "தோலோட பழகுன கைன்னா இப்படித்தான் காய்ச்சிப் போகும்," என்று அவரே சொல்லிக்கொண்டார். வீட்டுக்குள்ளும் நான் மேஸோடு இருந்ததை இரண்டு முறை பார்த்தார். பெரிய வாரத்துக்கு அவர் பதுளையில் தன் தங்கை வீட்டில் வந்து தங்கியிருந்தார். மாலைப் பூசைக்கு வருவார். வந்தால் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில்தான் நிற்பார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மா முன்னாடி காலத் தூக்கிக் காட்டப் போறீங்களா?"

"சாமிதான் தூக்குவாரு."

"வெளையாடாதீங்க. வயித்து வலின்னு சொல்லி அனுப்புங்க. ஓலை மூணு தடவ வாசிச்சுத் தாலி ஏறட்டும். அப்புறம் மலை உச்சியில நின்னு காட்டுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"தாலி ஏறுன பொறகு தெரிஞ்சா?"

"எது தெரியணும்? அவளுக்கு இல்லாதத எதுக்குச் சொல்லணும்?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. மகளுக்கு இல்லை. அவளுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வராது. சொல்லாவிட்டால் யாருக்கும் கேடு கிடையாது. சொன்னால் கலியாணம் நின்றுபோகலாம், அதுவும் குஷ்டக்காரன் மகள் என்ற பேச்சோடு நின்றுபோகலாம். பிறகு இன்னொரு வரன் வராது. இன்னொரு பக்கம், என்னோடு படித்தவர்கள் ஹாலிஎலவிலும் எல்லவிலும் இருந்தார்கள். லாடம் என்ற பெயர் இன்னும் சாகவில்லை. ஒருநாள் அது மாப்பிள்ளை வீட்டு வாசலில் கேட்கும். அன்று பதில் சொல்ல வேண்டியவள் மகள்.

மகள் சாப்பிட்டு முடித்திருந்தாள். "அப்பா இஷ்டம்," என்று கை கழுவ எழுந்துபோனாள்.

நன்றாகச் சுரண்டிக்கொண்டாவது போங்கள் என்றாள் மனைவி. அதற்கு மூன்று நான்கு நாள் வேண்டும். ஒரே நாளில் சுரண்டினால் இரத்தம் வரும். வலது காலை மட்டும் இன்னொரு முறை ஊறவைத்துக் களிம்பைத் துடைத்தேன். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாலையில் வழக்கமான ஏப்ரல் மழை இடியோடு பெய்து ஓய்ந்திருந்தது. பீடத்தின் முன்னால் பன்னிரண்டு கதிரைகள். நான் கடைசிக் கதிரை, பெண்கள் பக்கத்து ஓரம். வலது சப்பாத்தையும் மேஸையும் கழற்றி, மேஸை மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தேன். கோயிலில் என் கால் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. சாமி முழங்காலிட்டு ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார். உபதேசியார் செம்பில் தண்ணீர் ஊற்றினார். பதினொரு கால்களும் வீட்டிலேயே கழுவப்பட்டவை. பேசினில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

என் குதிகாலை ஏந்தியதும் சாமி ஒரு கணம் நிறுத்தினார். பிறகு பிடியைச் சற்று மாற்றி, வெடிப்பில் விரல் படாதபடி பிடித்துக்கொண்டார். அடிப்பாதம் முழுவதும் சனங்களைப் பார்த்து நிமிர்ந்தது. உபதேசியாரின் செம்பு விலகி, தண்ணீரில் பாதி என் முழங்கால்மேல் விழுந்தது. மீதி பாதத்தில் விழுந்தது. அதன் குளிர் எனக்கு மேற்பாதத்தில் மட்டும்தான் தெரிந்தது. சாமி துவாயால் ஒற்றித் துடைத்து, குனிந்து முத்தமிட்டு எழுந்தார். மற்றவர்களுக்கு எடுத்த நேரம்தான் எனக்கும் எடுத்தது. நான் பெண்கள் பக்கம் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது மாப்பிள்ளையின் தாய் படியருகே காத்திருந்தார். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க," என்றார். "நான் ஒங்கள என்னமோன்னு நெனச்சிருந்தேன். வீட்டுக்குள்ளயும் மேஸோட நிக்கிறாரே, மண்ணு படக் கூடாத துரைக் காலு போலன்னு தங்கச்சிகிட்ட சொல்லிச் சிரிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லீங்க."

"இன்னைக்குத்தானே பாத்தேன். எங்கப்பா காலு மாதிரியே இருக்கு. செருப்பில்லாம கொழுந்துக் கூடைக்குப் பின்னாடி மலையேறுன காலு. நானும் லயத்துல பொறந்தவதான் அண்ணே. சப்பாத்தக் கழட்டுனா நீங்களும் நம்ம ஆளுதான்." அவர் முகம் அதற்கு முன் நான் பார்த்திராதபடி இளகியிருந்தது.

"ஆமாங்க, சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டவரு," என்றாள் மனைவி உடனே. முழங்கையில் அவள் பிடி இறுகியது.

பேச்சு அங்கே நின்றிருந்தால் அந்தக் கலியாணத்துக்கு அதைவிட நல்ல உறுதி கிடைத்திருக்காது.

"இது நடந்து வந்ததில்லீங்க," என்றேன். "பொறப்புலயே உள்ளது. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. கையும் அப்படித்தான். தோல் வேலையில காய்ச்சதில்ல." இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கடியில் விரித்துக் காட்டினேன்.

அவர் கைகளைப் பார்த்தார். தொடவில்லை.

"அந்த நோயா?"

"இல்லீங்க. ஒட்டாது. பெரிய டாக்டர் பாத்துச் சொல்லியிருக்காரு. பரம்பரையா வர்றது."

"மகளுக்கு?"

"இல்ல."

"அவளுக்குப் பொறக்கிறதுக்கு?"

"அவளுக்கு இல்லாததால வராதுன்னு டாக்டர் சொன்னாரு."

"டாக்டர் சொன்னாரு," என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்தார். "இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மதினி."

"சொல்லியிருந்தா பொண்ணு பாக்க வந்திருப்பீங்களா?" என்றாள் மனைவி.

குடையோடு வந்து நின்ற மகள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "பாருங்க மாமி," என்று ஒரு செருப்பைக் கழற்றினாள்.

"போட்டுக்க. இந்த வெளக்குல என்ன தெரியும்? காலையில வெளிச்சத்துல வர்றேன். நான் என் கண்ணால பாக்கணும்."

"வாங்க. அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. அவர் காலை நானும் பாக்கணும்."

மாப்பிள்ளையின் தாய் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டில் சாப்பிட்டதும், "சொல்லிட்டீங்க," என்றாள் மனைவி. நான் ஆமாம் என்றேன். நான் எழுதிவந்த நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இரண்டே வரி: கால் கழுவப்பட்டது, அந்த அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. கடை கிடையாது. நான் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அது சூடாவதற்கு முன்பே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் தாய் தனியாக வந்திருந்தார். உபவாச நாள் என்று தேநீர் வேண்டாம் என்றார். கிழக்குப் பக்கத்துச் சன்னலடியில் மகளைக் கதிரையில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து, அவளுடைய வலது காலை மடியில் எடுத்தார். குதியிலிருந்து விரல்வரை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரலிடுக்குகளை விரித்துப் பார்த்தார். அடுத்து இடது கால். பிறகு இரண்டு கைகள். மனைவி குசினி வாசலைவிட்டு நகரவில்லை.

"அவனுக்கு எடது காலுல ஆணி இருக்கு," என்றார் அவர், மகளின் கையை விடாமல். "நேத்து கேட்டியே, அதான் சொல்றேன். அறுத்தும் போகல."

"சரி மாமி," என்றாள் மகள்.

"ஒரு ஈர்க்கு குடு."

மகள் மூலையில் இருந்த விளக்குமாற்றின் பக்கம் கை நீட்டினாள்.

"கலியாணப் பொண்ணுக்கு வெளக்குமாத்துலயா அளப்பாங்க? அத எடு."

சுவரில் இருந்த சிலுவைக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலையை மகள் எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மந்திரித்துக் கொடுத்தது. அவர் ஓலையைக் கிழித்து ஈர்க்கை உருவினார். மகளின் குதியில் ஒரு முனையை வைத்து, பெருவிரல் வரை நீட்டி, நகத்தால் அடையாளம் வைத்து ஒடித்தார். அவளுடைய நம்பர் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஒடித்த ஈர்க்கை அவர் முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டார்.